பில்லின் அடியில் ஒரு வரி: ஏற்காட்டிலிருந்து ஹாம்பர்க் போன காபி கன்டெய்னர்

சேலத்தில் எந்தக் கடை பில்லை எடுத்துப் பார்த்தாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சேலம் நீதிமன்ற எல்லைக்குட்பட்டது’, அதாவது தகராறு வந்தால் வழக்கு சேலம் கோர்ட்டில் என்று. செவ்வாய்ப்பேட்டை மண்டி, லீ பஜார், அம்மாபேட்டை ஜவுளி, கொண்டலாம்பட்டி வெள்ளிப் பட்டறை, எங்கே போனாலும் அதே வரி; நாம் கேட்காமலேயே அச்சகக்காரர் சேர்த்துவிடுவார். ஏற்காட்டு அண்ணன் ஒருவர் அந்த வரியை ஆங்கிலத்தில் அச்சடித்த இன்வாய்ஸோடு 2021 மார்ச்சில் ஒரு கன்டெய்னர் காபியை ஜெர்மனிக்கு அனுப்பினார். முன்பணம் போக மீதி ஐந்தில் நான்கு பங்குப் பணம் நின்றுபோனது. வழக்காகாமலே முடிந்த அந்தத் தகராறை முதலிலிருந்து எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆட்கள், கம்பெனிகள் பெயர் எதுவும் போடவில்லை.

நான் சேலம் கோர்ட்டில் சிவில் வழக்குகள் பார்க்கிறவன். வெளிநாட்டு வியாபார ஒப்பந்தம் என் அன்றாட வேலை கிடையாது. இந்த விவகாரம் வந்த பிறகு உட்கார்ந்து படித்ததுதான் அதிகம், அதனால் எங்கே தடுமாறினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரக்கும் ஆர்டரும்

அண்ணனுக்கு நாகலூர் பக்கம் தோட்டம். அரபிக்கா, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த நாளிலிருந்து சேர்வராயன் மலையில் காபி இருக்கிறது, ஆனால் தன் காபி வேறு ஊர்க் காபியோடு கலந்து பெயர் தெரியாமல் போகிறதே என்பது அண்ணனின் பல வருட ஆதங்கம். அதனால்தான் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்தார். முதல் வருடம் கோயம்புத்தூர் ஏற்றுமதியாளர் ஒருவரோடு சேர்ந்து கொஞ்சம் மூட்டைகள் அனுப்பினார். இரண்டாவது வருடம்தான் சொந்தப் பெயரில் முழு கன்டெய்னர்.

320 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, ஆக 19,200 கிலோ. கிலோ 5.20 டாலர் என்று பேசி மொத்தம் 99,840 டாலர், அன்றைய மதிப்பில் 70 லட்ச ரூபாய்க்கு மேல். அவர் தோட்டத்தில் அவ்வளவு விளையாது. நாகலூர், செம்மடுவு பக்கம் இன்னும் பன்னிரண்டு தோட்டங்களிலிருந்து வாங்கிச் சேர்த்தார். வாங்கியபோதே அவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டார். பாதி வங்கியில் எடுத்த பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்கை வாங்கிச் சேர்க்க வங்கி தரும் கடன், பாதி கையிருப்பு.

ஹாம்பர்க் பையரோடு, அதாவது காபியை வாங்குகிற கம்பெனியோடு, பேச்செல்லாம் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும்தான். ஜனவரியில் சாம்பிள் போனது, அவர்களுக்குப் பிடித்தது, ஒரு பர்சேஸ் ஆர்டர் வந்தது. ஒரே பக்கம். பேக்கிங் கிரெடிட் கொடுக்க வங்கி ‘உறுதி செய்யப்பட்ட ஆர்டர்’ வேண்டும் என்று கேட்டதால், அண்ணன் அந்தத் தாளில் கம்பெனி சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து வங்கிக்கு ஒன்று, பையருக்கு ஒன்று அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்தின் கடைசியில், டெலிவரி முகவரிக்குக் கீழே, இரண்டு வாக்கியம்: இந்த ஆர்டருக்கு ஜெர்மன் சட்டம் பொருந்தும்; தகராறுகள் ஹாம்பர்க்கில் ஆர்பிட்ரேஷன் மூலம், அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் வைத்து, தீர்க்கப்படும்.

“அதைப் படிச்சீங்களா அண்ணா?” என்று பிறகு கேட்டேன். “விலையையும் தேதியையும் பார்த்தேன் தம்பி, வங்கியில அன்னிக்கே வேணும்னாங்க” என்றார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பணம் வாங்கும் முறையைக் கவனியுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் போய் முட்டுகிறது. 20 சதவீதம் முன்பணம், அதாவது 19,968 டாலர். மீதி 79,872 டாலர் பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) தேதியிலிருந்து 60 நாளில். அசல் கப்பல் ஆவணங்கள் கூரியரில் நேராகப் பையருக்கு. பையர் பழைய கம்பெனி, மரியாதையாகப் பேசுகிறவர்கள், புது சப்ளையரிடம் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்போம் என்றார்கள். ஆவணம் கை மாறியதும் சரக்கு அவர்களுடையது. பணம் மட்டும் பாக்கி.

கப்பலில் ஏறிய பிறகு

2021 மார்ச் 4 தேதியிட்ட பில் ஆஃப் லேடிங்கோடு தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் கிளம்பியது. மார்ச் 23 முதல் 29 வரை சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி நின்றது ஞாபகம் இருக்கும். அந்த நெரிசலில் நம் கன்டெய்னரும் தாமதமானது. ஏப்ரல் 26-ல் ஹாம்பர்க்கில் இறங்கி, மே 3-ல் பையரின் கிடங்குக்குப் போனது. அதே மே 3-தான் பணம் வர வேண்டிய நாள். வரவில்லை. இங்கே கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த சமயம், அண்ணன் வீட்டிலேயே இரண்டு பேர் படுத்திருந்தார்கள், கேட்கவும் தெம்பில்லை.

ஜூன் 14-ல் மின்னஞ்சல் வந்தது. காபியில் குளோர்பைரிஃபாஸ் எச்சம் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.01, இதை விற்க முடியாது, மீதிப் பணம் தர மாட்டோம், முன்பணத்தையும் கிடங்கு வாடகையையும் திருப்பித் தாருங்கள். கூடவே ஆய்வகச் சான்று.

0.01 மில்லிகிராம் என்றால் நூறு டன் காபியில் ஒரு கிராம். அண்ணனின் முழு கன்டெய்னரிலும் அனுமதி சுமார் 0.2 கிராம், இருந்தது அரை கிராமுக்குச் சற்று மேல். இது தண்டு துளைப்பானுக்கு, தோட்டத்துக்காரர்கள் போரர் என்பார்களே அதற்கு, செடியின் தண்டில் காலகாலமாக அடிக்கிற மருந்து. போரர் வண்டு பறக்கும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று வரும், அப்போதுதான் அடிப்பார்கள். இங்கே அந்த மருந்துக்கு அப்போது தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியை 2020 ஜனவரியில் புதுப்பிக்க மறுத்து, எச்ச வரம்பையும் கண்டறியக்கூடிய கடைசி அளவுக்கு இறக்கியது. அது 2020 நவம்பர் 13 முதல் அமலானது. இங்கே மலையில் மருந்து அடித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் அங்கே வரம்பு மாறியிருக்கிறது.

பன்னிரண்டு தோட்டத்தில் யார் அடித்தார்கள்? கண்டுபிடிக்க வழியே இல்லை, எல்லாம் கியூரிங்கில், அதாவது காபியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற இடத்தில், கலந்துவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்களோடு எழுத்தில் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் நாளைக்குக் கோயில் திருவிழாவில் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் மேல் அண்ணன் கேஸ் போடப் போவதில்லை. ஆக மேலே பையரிடம் மாட்டியது கீழே யாரிடமும் இறங்காது, முழுச் சுமையும் நடுவில் நிற்கிற இவர் தலையில்தான்.

என்னிடம் வந்தது

ஜூன் முழுவதும் அண்ணன் கோபத்தில் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார், ஜூலையில் இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் கோப்போடு அஸ்தம்பட்டியில் என்னிடம் வந்து இன்வாய்ஸின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். “சேலம் எல்லைன்னு போட்டிருக்கு தம்பி. இங்கயே ஒரு கேஸ் போடு.”

அந்த வரியின் பலம் எங்களூர் வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றில் சேலமே ஒரு தரப்பு. 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் எதிர்த்தரப்பு சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ். குஜராத் கம்பெனியோடு உலோக இழை நூல் வியாபாரம், ஒப்பந்தத்தில் ‘கைரா நீதிமன்ற எல்லைக்குட்பட்டது’ என்று இருந்தது, சேலத்துக்காரர்கள் சேலத்திலேயே வழக்குப் போட்டார்கள். அந்த வரியில் ‘மட்டும்’ என்பது போல மற்ற கோர்ட்டுகளை விலக்கும் சொல் எதுவும் இல்லை, அதனால் சேலம் கோர்ட்டின் அதிகாரம் போய்விடவில்லை என்றது உச்ச நீதிமன்றம். பிறகு 2013-ல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில், ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் விலக்கும் நோக்கம் தெரிந்தால் போதும் என்று சொன்னது. இரண்டும் முக்கியமான தீர்ப்புகள். ஆனால் இரண்டிலும் கேள்வி, இந்தியாவுக்குள் இருக்கிற இரண்டு கோர்ட்டில் எது என்பதுதான். இங்கே கையெழுத்துப் போட்ட ஆர்டரில் வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் இருக்கிறது. சேலத்தில் வழக்குப் போட்டால், பையர் வந்து அந்தத் தாளை நீட்டி 1996 ஆர்பிட்ரேஷன் சட்டம் 45ஆம் பிரிவைக் காட்டினால், கோர்ட் எங்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பிவைக்க வேண்டியதுதான். நாமே அச்சடித்த இன்வாய்ஸ் வரியில் அவர்கள் கையெழுத்து இல்லை, அது ஒப்பந்தம் முடிந்த பிறகு போன காகிதம்.

சரி, அவர்கள் வராமலே போய் ஒருதலைப்பட்சமாக டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஜெர்மன் கம்பெனிக்குச் சேலத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, எதை ஜப்தி செய்வது? அந்த டிகிரியை ஜெர்மனிக்கு எடுத்துப் போனால் அவர்களுடைய சிவில் நடைமுறைச் சட்டம் 328ஆம் பிரிவு, பதிலுக்கு எங்கள் தீர்ப்பை உங்கள் நாடு ஏற்குமா என்று கேட்கும். நம் சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நாடுகளின் டிகிரியைத்தான் இங்கே நேராக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர் உண்டு, 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்த்தார்கள், ஜெர்மனி இல்லை, அமெரிக்காவும் இல்லை. ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு வேறு கதை. 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன, ஹாம்பர்க் தீர்ப்பு இங்கேயும் செல்லும், இங்குள்ள தீர்ப்பு அங்கேயும் செல்லும். எல்லை தாண்டிய ஒப்பந்தங்களில் எல்லோரும் ஆர்பிட்ரேஷன் என்று எழுதுவதற்கு இதுதான் காரணம், கோர்ட்டின் மேல் வெறுப்பு இல்லை.

இதில் எனக்கு மிகவும் வலித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆர்டரில் எந்தச் சட்டம் என்று எழுதாமலே இருந்திருந்தால், ஜெர்மன் கோர்ட்டே ஐரோப்பாவின் ரோம் ஒன்று ஒழுங்குமுறைப்படி விற்பவர் இருக்கும் நாட்டின் சட்டத்தைத்தான் எடுக்கும், அதாவது நம்முடைய 1930 சரக்கு விற்பனைச் சட்டம். சும்மா இருந்திருந்தால் நம் சட்டம் வந்திருக்கும், சீல் வைத்ததால் அவர்கள் சட்டம் வந்தது.

இ.சி.ஜி.சி. பாலிசி, அதாவது ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்கான காப்பீடு, இருந்தது. ஆனால் பையர் பணம் இல்லாமல் மூழ்கினாலோ காரணமில்லாமல் ஏமாற்றினாலோதான் அது உடனே உதவும். தரம் சரியில்லை என்று பையர் தகராறு எழுப்பினால் அந்தத் தகராறை ஏற்றுமதியாளர் தீர்த்துவிட்டு வர வேண்டும். ஆக அதுவும் ஹாம்பர்க் வழியாகத்தான்.

ஜெர்மன் சட்டத்துக்குள் போனால்

இங்கேதான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஜெர்மன் சட்டம் என்று எழுதினால் அதில் 1980-ன் வியன்னா உடன்படிக்கையும் அடங்கும், அதாவது சர்வதேச சரக்கு விற்பனை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை. அது வேண்டாம் என்று தனியாக எழுதினால் ஒழிய வந்துவிடும் என்பது ஜெர்மன் உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது. இந்தியா அதில் சேரவே இல்லை, பிரிட்டனும் இல்லை, அதனால் நம் ஊரில் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். விற்பவருக்கு அது அவ்வளவு மோசமான சட்டம் இல்லை.

முதல் பிடி, 1995 மார்ச் 8-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் கொடுத்த சிப்பி வழக்குத் தீர்ப்பு. சுவிட்சர்லாந்து வியாபாரி நியூசிலாந்து சிப்பியை ஜெர்மன் பையருக்கு விற்றார். காட்மியம் ஜெர்மனியில் பரிந்துரைத்த அளவைவிட அதிகம். பையர் பணம் தர மறுத்தார், தோற்றார். வாங்குகிறவர் நாட்டு அரசின் விதிகளை எல்லாம் விற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். அதே விதி விற்பவர் நாட்டிலும் இருந்தால், அல்லது பையர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தால், அல்லது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தனிச் சூழ்நிலை இருந்தால் மட்டுமே பொறுப்பு. அண்ணனின் ஆர்டரில் எச்சம் பற்றி ஒரு சொல் இல்லை. படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன், ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது பிடி, நேரம். அந்த உடன்படிக்கையின் 38ஆம் பிரிவுப்படி பையர் சரக்கை முடிந்தவரை சீக்கிரம் பரிசோதிக்க வேண்டும், 39ஆம் பிரிவுப்படி குறையை நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறையைச் சொல்லும் உரிமையே போய்விடும். எத்தனை நாள் என்று பிரிவில் எண் இல்லை; ஜெர்மன் கோர்ட்டுகள் பல வழக்குகளில் ஒரு மாதத்தைத் தோராய அளவாக எடுத்திருக்கின்றன. மே 3-ல் கிடங்குக்கு வந்த சரக்குக்கு ஜூன் 14-ல் புகார், ஆறு வாரம். எச்சம் கண்ணுக்குத் தெரியாத குறைதான், ஆனால் காபி இறக்குமதியே தொழிலாக வைத்திருப்பவர், வரம்பு மாறிய வருடத்தில், ஒரு சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்ப எத்தனை நாள் எடுக்கலாம்? இதைவிட முக்கியமாக, அவர்கள் அனுப்பிய இருப்புக் கணக்கிலேயே 240 மூட்டைதான் இருந்தது. 80 மூட்டையைப் பரிசோதனைக்கு முன்பே ஒரு ரோஸ்டருக்கு, அதாவது காபி வறுத்து விற்பவருக்கு, விற்றிருக்கிறார்கள். வாங்கிய நிலையில் சரக்கைத் திருப்பித் தர முடியாதவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்து முன்பணத்தைக் கேட்பது பொதுவாகக் கஷ்டம்; குறை தெரியும் முன் வழக்கமான வியாபாரத்தில் விற்றதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனாலும் வாதிட இடம் இருந்தது. 50ஆம் பிரிவில் விலைக் குறைப்பு கேட்கலாம்.

பிறகு, முழுக் கடிதப் போக்குவரத்தையும் தேதி வாரியாக அடுக்கலாம் என்று அண்ணனின் மெயில் பெட்டியைத் திறந்தேன். 2020 டிசம்பர் 11-ல் பையரின் கொள்முதல் மேலாளரிடமிருந்து ஒரு மெயில். சாம்பிள் எப்போது வரும் என்று இரண்டு வரி, புத்தாண்டு வாழ்த்து, கீழே ‘இந்த வருடம் கவனிக்க வேண்டியவை’ என்று ஓர் இணைப்பு. அந்த இணைப்பின் மூன்றாம் பக்கத்தில் குளோர்பைரிஃபாஸ் 0.01. அண்ணன் அதைத் திறந்ததே இல்லை. சாம்பிள் அனுப்பும் தேதிக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்.

சிப்பி வழக்கின் இரண்டாவது விதிவிலக்கு அப்படியே நம் கோப்பில் உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தம் போடும்போது பையர் அதைச் சொல்லவில்லை என்று நாங்கள் வாதிடலாம், ஆனால் 1995-லேயே பிரான்சின் கிரெனோபிள் நீதிமன்றம், இத்தாலி பார்மசான் சீஸ் வழக்கில், பையர் நாட்டில் விற்கப் போகிற சரக்கு என்று தெரிந்து தொடர்ந்து வியாபாரம் செய்த விற்பவர் அந்த நாட்டு விதிக்கு ஏற்ப அனுப்பியிருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தப் பக்கம் சாய்கிற நடுவர் கிடைத்தால் நாங்கள் காலி. ஆக எங்கள் பக்கமும் ஓட்டை, அவர்கள் பக்கமும் ஓட்டை. ஹாம்பர்க் வக்கீல் ஒருவரிடம் மின்னஞ்சலில் விசாரித்தோம், ஆரம்பக் கட்டணமாக அவர் சொன்ன தொகையைக் கேட்டு அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை.

கடிகாரம் இந்தப் பக்கம்தான் ஓடியது

வழக்கு எவ்வளவு வருடம் ஓடினாலும் பையருக்குக் கவலையில்லை, பணம் அவர் கையில். நமக்கு அப்படி இல்லை. ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி அப்போது ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் வந்துவிட வேண்டும், அதாவது 2021 டிசம்பர் 4-க்குள். வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணினியில் அந்த ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறையில் கொடுத்த ஏற்றுமதி ஆவணம், பாக்கியாகவே நிற்கும், வங்கி கேள்வி கேட்கும், நீட்டிப்பு கேட்டு அலைய வேண்டும், அடுத்த பேக்கிங் கிரெடிட்டும் இழுபடும். அடுத்த அறுவடை நவம்பரில் ஆரம்பம். கொடுத்த சரக்குக்குப் பணமும் வராமல், அதற்காக அரசுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை இருக்கிறதே, சின்ன ஏற்றுமதியாளர்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று நான் நேரில் பார்த்தேன்.

அதே விதிப் புத்தகத்தில்தான் பேரத்துக்கு ஒரு கைப்பிடியும் கிடைத்தது. அப்போதைய விதிப்படி, பையரோடு பேசி விலையைக் குறைத்தால் அதை வங்கியே அனுமதிக்கலாம், ஆனால் இன்வாய்ஸ் மதிப்பில் 25 சதவீதம் வரைதான். மூன்று வருடத்துக்கு மேல் ஏற்றுமதி செய்து நல்ல பதிவு வைத்திருப்பவர்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை; அண்ணன் இரண்டாம் வருடக்காரர், அவருக்கு உண்டு. 99,840-ல் 25 சதவீதம் 24,960 டாலர். அதற்கு மேல் குறைக்க வங்கி தன் பொறுப்பில் அனுமதி தர முடியாது.

செப்டம்பர் கடைசியில் மூன்று பக்கக் கடிதம் எழுதினோம். கோபமான சொல் ஒன்றுகூட வைக்கவில்லை. டிசம்பர் மெயிலை மறைக்கவும் இல்லை. அது அவர்களிடமும் இருக்கிறது, மறைத்தால் மற்ற வாதங்களின் மதிப்பும் போய்விடும். தேதிகளை வரிசையாக வைத்தோம், ஆறு வாரம், 80 மூட்டை, சிப்பி வழக்கின் நாள் எல்லாம் எழுதினோம், கடைசிப் பத்தியில் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லி இதற்கு மேல் எங்களால் இறங்க முடியாது என்றோம். அக்டோபரில் வீடியோ அழைப்பில் பேசினார்கள். முதலில் 40 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். விதியின் பிரதியை அனுப்பினோம். தங்கள் நாட்டு விதியைக் காட்டித்தானே அவர்கள் பேச்சையே ஆரம்பித்தார்கள், நம் நாட்டு விதியையும் அவர்கள் தள்ளவில்லை. இன்னும் இரண்டு அழைப்பு, அப்புறம் 24,000 டாலர் குறைப்பு என்று முடிந்தது.

ஒரு பக்கத்தில் சமரச ஒப்பந்தம். யாரும் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை, இன்ன தேதிக்குள் 55,872 டாலர், அந்தத் தேதி தவறினால் குறைப்பு ரத்தாகி முழு பாக்கியும் திரும்ப எழும். கடைசி வாக்கியத்துக்காக இரண்டு நாள் இழுபறி, ஆனால் அது இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பணம் நவம்பர் 26-ல் வந்தது. ஆய்வகச் சான்று, சமரச ஒப்பந்தம், கடிதங்கள் எல்லாம் இணைத்து வங்கியில் விலைக் குறைப்புக்கு விண்ணப்பம், அந்த விகிதத்துக்கு ஏற்றுமதிச் சலுகையையும் திருப்பிக் கட்டினார். ஷிப்பிங் பில் முடிந்தது. வட்டியும் செலவும் கழித்தால் அந்த வருடம் அண்ணனுக்கு நஷ்டம்தான், ஆனால் தோட்டத்தை அடமானம் வைக்கவில்லை.

எங்கே தவறியது, அடுத்த ஆர்டரில் என்ன மாற்றினோம்

கேட்கிறவர்கள் எல்லோரும் சட்டம், கோர்ட், ஊர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பார்த்தவரை முதலில் பார்க்க வேண்டியது, தகராறு வந்தால் யார் யாரைத் துரத்த வேண்டும் என்பது. ஆவணங்கள் வங்கி வழியாகப் போய், பணம் கட்டினால்தான் கையில் கிடைக்கும் என்று இருந்திருந்தால், அதே எச்சம், அதே 0.03, அதே ஜெர்மன் சட்டம் எல்லாம் இருந்தும் ஹாம்பர்க்கில் வக்கீல் வைத்து வழக்கு ஆரம்பிக்க வேண்டியவர்கள் அவர்களாக இருந்திருப்பார்கள். 80 மூட்டையை விற்றுவிட்டு ஆறு வாரம் கழித்துப் புகார் சொன்னவர்கள் அந்த வழக்கை அவ்வளவு தைரியமாக ஆரம்பித்திருப்பார்களா என்பது சந்தேகம். 60 நாள் கடனுக்கு ஒத்துக்கொண்ட அன்றே வாதியின் இடத்தில் அண்ணன் போய் உட்கார்ந்துவிட்டார்.

2022 ஜனவரியில் அதே பையரே மறுபடி ஆர்டர் கேட்டார். இந்த முறை நாங்கள் எழுதின இரண்டு பக்கம் போனது. முன்பணம் 30 சதவீதம், மீதியைக் கட்டினால்தான் வங்கி கப்பல் ஆவணத்தைக் கொடுக்கும். கப்பலேறும் முன் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆய்வகத்தில் எச்சப் பரிசோதனை, எந்தெந்த மருந்து, என்ன வரம்பு என்று பட்டியல் ஒப்பந்தத்திலேயே, அந்த முடிவே இறுதி. மற்ற தரப் புகார்கள் சரக்கு இறங்கி 21 நாளுக்குள், ஆய்வகச் சான்றோடு. ஒப்பந்தத்துக்கு வெளியே மெயில் இணைப்பில் வருவது எதுவும் ஒப்பந்தம் ஆகாது. ஆர்பிட்ரேஷன் சென்னையில், ஒரே நடுவர், ஆங்கிலத்தில், காகிதங்களை வைத்து மட்டும். அவர்கள் சென்னையை மட்டும் அடித்துவிட்டு ஹாம்பர்க் என்று எழுதி, மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதித்து அனுப்பினார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். ஊருக்காகச் சண்டை வேண்டாம் அண்ணா, பணம் வாங்கும் முறை நம் பக்கம் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

மலையில் பன்னிரண்டு தோட்டத்துக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அக்டோபருக்கு மேல் போரருக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கினார். குளோர்பைரிஃபாஸ் அடித்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் காபியைத் தனியாக வைத்து உள்ளூரில் விற்றார். சேலம் எல்லை போட்ட பழைய பில் புத்தகம் அந்த உள்ளூர் விற்பனைக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.